சரிவு யாருடையது? சலுகை யாருக்கு?

2019 நவம்பர் 29 அன்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணக்கு, ஆட்சியாளர்கள் ஓராண்டாக மூடி மறைத்து வந்த உண்மையை எண்ணிலேயே எழுதிக் காட்டிவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சி 4.5 சதவீதம். 2018-19இன் முதல் காலாண்டில் 8 சதவீதமாக இருந்தது, அடுத்தடுத்த காலாண்டுகளில் 7, 6.6, 5.8, 5 என்று படிப்படியாக இறங்கி இங்கே வந்து நின்றது. ஆறாண்டுகளுக்கும் மேலாகக் காணாத வீழ்ச்சி இது. ஆலை உற்பத்தித் துறை வளரவேயில்லை. ஒரு சதவீதம் சுருங்கியிருக்கிறது. அக்டோபர் மாதத்தில் நாட்டின் மின்சாரத் தேவை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 13 சதவீதம் குறைந்தது. ஆலைச் சக்கரங்கள் ஓடாதபோது மின்சாரம் யாருக்குத் தேவை?

இந்தக் கணக்கு வெளிவருவதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் நிதியமைச்சர் மாநிலங்களவையில், வளர்ச்சி குறைந்திருக்கலாம், ஆனால் மந்தம் வரவில்லை, ஒருபோதும் வராது என்று உறுதி கூறினார். அதற்கு முன்னர், கார்கள் விற்காததற்கு இளைய தலைமுறையினர் வாடகைக் கார்களில் செல்வதும் ஒரு காரணம் என்று விளக்கம் தந்தார். மற்றொரு மத்திய அமைச்சரோ, அக்டோபர் 2 அன்று ஒரே நாளில் மூன்று திரைப்படங்கள் 120 கோடி ரூபாய் வசூலித்தனவே, பொருளாதாரம் நலமாக இருப்பதால்தானே இது நடந்தது என்று கேட்டார். மறுநாள் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெறப்பட்டது பேச்சு மட்டுமே. அந்தப் பேச்சைப் பிறப்பித்த அலட்சியம் அப்படியேதான் இருக்கிறது.

மறைக்கப்பட்ட இரண்டு அறிக்கைகள்

இந்தச் சரிவு திடீரென்று வந்ததன்று. அதன் அடையாளங்களை அரசின் சொந்தப் புள்ளியியலாளர்களே பதிவு செய்திருந்தனர். 2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்றும், 45 ஆண்டுகளில் இதுவே உச்சம் என்றும் காட்டிய ஆய்வறிக்கை, மக்களவைத் தேர்தல் முடியும்வரை பூட்டி வைக்கப்பட்டது. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பொறுப்பேற்ற மறுநாளே, மே 31 அன்று, அது வெளியிடப்பட்டது.

இரண்டாவது அறிக்கையின் கதி இன்னும் மோசமானது. குடும்ப நுகர்வுச் செலவு பற்றிய 2017-18ஆம் ஆண்டின் ஆய்வு, ஓர் ஆங்கிலப் பொருளாதார நாளேட்டின் வழியாக நவம்பரில் கசிந்தது. 2011-12இல் மாதத்துக்கு 1,501 ரூபாயாக இருந்த தனிநபர் நுகர்வு, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், 1,446 ரூபாயாகக் குறைந்திருந்தது. அதாவது 3.7 சதவீத வீழ்ச்சி. கிராமப்புறத்தில் மட்டும் இது 8.8 சதவீதம். பல பத்தாண்டுகளில் நேராத ஒன்று நேர்ந்தது: இந்தியக் கிராமத்து மனிதர் முன்பைவிடக் குறைவாக உண்டார், குறைவாக உடுத்தினார். செய்தி வெளியான உடனேயே, தரவுகளின் தரம் சரியில்லை என்று சொல்லி அறிக்கையையே அரசு கைவிட்டது. காய்ச்சல் ஏறினால் வெப்பமானியை உடைத்தெறியும் வைத்தியம் இது.

மக்களின் வாங்கும் சக்தி வற்றிப்போனதே சரிவின் வேர் என்பதை இந்த இரண்டு அறிக்கைகளும் சேர்ந்து சொல்கின்றன. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம்கூட விற்பனையாவதில்லை, பத்தாயிரம் பேர்வரை வேலை இழக்க நேரலாம் என்று நாட்டின் பெரிய பிஸ்கட் நிறுவனம் ஒன்று ஆகஸ்டில் அறிவித்தது. ஜூலையில் பயணியர் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 31 சதவீதம் சரிந்தது. மாருதி நிறுவனத்தில் 3,000 தற்காலிகத் தொழிலாளரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று அதன் தலைவரே கூறினார். செப்டம்பரில் அதன் குருகிராம், மானேசர் ஆலைகள் இரண்டு நாட்கள் மூடப்பட்டன. சந்தை ஏறுமுகமாக இருந்தபோது இலாபத்தில் பங்கு கேட்க உரிமையில்லாதிருந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு, சந்தை இறங்கியபோது நட்டத்தில் மட்டும் முதல் பங்கு கிடைத்தது.

பாதிப்பது சுழற்சியா, கொள்கையா?

முதலாளித்துவப் பொருளியல் அறிஞர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் "சுழற்சி". ஏற்றமும் இறக்கமும் இயல்பு, இரவுக்குப் பின் பகல் வருவதுபோல வளர்ச்சி தானாகத் திரும்பும் என்பது அவர்களுடைய ஆறுதல். முதலாளித்துவத்தில் நெருக்கடிகள் மீண்டும் மீண்டும் வரும் என்பது மெய். அதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கியவர் மார்க்ஸ். ஆனால் அந்த நெருக்கடி எதனால் ஆழமாகிறது, யார் தலையில் இறக்கப்படுகிறது என்ற கேள்விகளுக்குச் சுழற்சி என்ற சொல்லில் விடையில்லை.

விடை, முப்பதாண்டுகளாகப் பின்பற்றப்படும் கொள்கையில் இருக்கிறது. அமைப்புசார் ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில் தொழிலாளரின் கூலிப்பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்தது. தாராளமயக் காலத்தில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தொழிலாளி ஆக்கும் பண்டம் பெருகுகிறது. அதை வாங்கத் தொழிலாளியிடம் இருக்கும் பணம் அதே விகிதத்தில் பெருகவில்லை. இந்த இடைவெளியைச் சில காலம் கடன் நிரப்பியது. கைபேசியும் இரு சக்கர வண்டியும் வீடும் தவணையில் வாங்கப்பட்டன. கடன் கொடுத்த நிறுவனங்களே தள்ளாடத் தொடங்கியதும் இடைவெளி அப்பட்டமாக வெளிப்பட்டது.

வேளாண்மையில் நிகழ்ந்ததும் இதுவே. இடுபொருள் விலை ஏறியது. விளைபொருள் விலை ஏறவில்லை. இந்தப் பலவீனமான உடம்பின் மீதுதான் 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம் என்ற அடி விழுந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாக் காசானது. எட்டு மாதங்களில் ஜிஎஸ்டி வந்தது. ரொக்கத்தில் வாழ்ந்த சிறுதொழில்கள், விசைத்தறிக் கூடங்கள், நெல் மண்டிகள், கட்டுமானத் தலங்கள் ஆகியவை அந்த இரண்டு அடிகளிலிருந்தும் எழவேயில்லை.

கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் அரசு கொடுத்த மருந்து என்ன? ரிசர்வ் வங்கி 2019இல் ஐந்து முறை வட்டியைக் குறைத்தது, மொத்தம் 1.35 சதவீதப் புள்ளிகள். ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியிடமிருந்து 1,76,051 கோடி ரூபாயை மத்திய அரசு பெற்றுக்கொண்டது. செப்டம்பர் 20 அன்று கார்ப்பரேட் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகவும், புதிய ஆலை நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகவும் வெட்டியது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்பது அரசே சொன்ன கணக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை இது. உடைத்த சில்லும் ஏழைக்குக் கிடைக்கவில்லை.

2019-20ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 60,000 கோடி ரூபாய். கார்ப்பரேட்டுகளுக்கு ஒரே அறிவிப்பில் விட்டுக்கொடுத்தது அதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. கோடிக்கணக்கான கிராமப்புறக் குடும்பங்களின் கையில் கூலியாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பணம் மறுநாளே சந்தைக்கு வந்திருக்கும். அரிசியாகவும் எண்ணெயாகவும் துணியாகவும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டாகவும் மாறி, ஆலைகளுக்கு வேலை கொடுத்திருக்கும். நிறுவனங்களின் கணக்கேட்டில் சேர்ந்த பணம் என்ன செய்தது? செப்டம்பர் 20 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீட்டெண் துள்ளியது. ஆலைகளில் ஒரு புதிய எந்திரமும் துள்ளவில்லை.

காரணம் எளிது. ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படியே ஆலைகளின் உற்பத்தித் திறனில் பயன்படுத்தப்படுவது 2019இல் 70 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. இருக்கிற எந்திரங்களில் மூன்றிலொரு பங்கு சும்மா கிடக்கும்போது, வரி குறைந்துவிட்டது என்பதற்காக எந்த முதலாளி புதிய எந்திரம் வாங்குவார்? கிடைத்த சலுகையில் கடனை அடைப்பார், ஈவுத்தொகை பிரிப்பார், பங்குச் சந்தையில் போடுவார். முதலீட்டை இழுத்து வருவது விற்பனை வாய்ப்பு. விற்பனை வாய்ப்பைத் தருவது மக்களின் வருமானம். அந்த வருமானத்தைத் தொடாத எந்தச் சலுகையும் பள்ளத்தில் ஊற்றிய நீர்தான்.

மறுபுறம், விட்டுக்கொடுத்த வருவாயை ஈடுகட்டப் பொதுச் சொத்து விற்கப்படுகிறது. 2019-20ஆம் ஆண்டின் பங்கு விற்பனை இலக்கு 1.05 லட்சம் கோடி ரூபாய். பாரத் பெட்ரோலியம், இந்தியக் கப்பல் கழகம், கன்டெய்னர் கழகம் ஆகியவற்றைத் தனியாருக்கு விற்க நவம்பர் 20 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒரு கையால் முதலாளிக்கு வரியை விட்டுக்கொடுத்து, மறு கையால் அதே முதலாளிக்கு மக்கள் சொத்தை விற்பது. விட்டுக்கொடுத்த வரிப்பணமே நாளை விலைப்பணமாகத் திரும்பி வரும்!

தொழிலாளிக்கோ கணக்கு வேறு. தொழிலாளர் அமைச்சகம் அமைத்த நிபுணர் குழு நாளொன்றுக்கு 375 ரூபாய் குறைந்தபட்சக் கூலி தேவை என்று பரிந்துரைத்தது. அரசு அறிவித்தது 178 ரூபாய். முன்பிருந்ததைவிட இரண்டு ரூபாய் கூடுதல். மாதத்துக்கு 26 நாள் வேலை கிடைத்தாலும் 4,628 ரூபாய். இதற்கும் மேலாக நவம்பர் 28 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு மசோதா மக்களவையில் அறிமுகமானது. எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். பாதிப்பேருக்கு மேல் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். குறித்த கால நியமனத்துக்குச் சட்ட அங்கீகாரம். நெருக்கடியைக் காட்டி உரிமையைப் பறிக்கும் பழைய வித்தை இது.

பாங்காக்கில் பின்வாங்கியது எது?

நவம்பர் 4 அன்று பாங்காக்கில் பிரதமர், பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை (ஆர்சிஇபி) உடன்பாட்டில் இந்தியா சேராது என்று அறிவித்தார். காந்தியின் அறிவுரையும் தமது மனச்சாட்சியும் இடங்கொடுக்கவில்லை என்றார். மனச்சாட்சி விழித்த நாளை நினைவில் வைக்க வேண்டும். அதே நவம்பர் 4 அன்றுதான் அகில இந்திய விவசாயிகள் போராட்ட ஒருங்கிணைப்புக் குழு நாடெங்கும் இந்த உடன்பாட்டை எதிர்த்துப் போராட்டம் நடத்தியது. ஆசியான் நாடுகள் பத்துடன் சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என 16 நாடுகள் கொண்ட இந்தப் பேச்சுவார்த்தை 2012இல் காங்கிரஸ் ஆட்சியில் தொடங்கியது. பாஜக ஆட்சி அதை ஐந்தாண்டுகளுக்கு மேல் இரகசியமாகவே நடத்தியது. நாடாளுமன்றத்துக்கோ மாநில அரசுகளுக்கோ வரைவு காட்டப்படவில்லை.

சேர்ந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை ஊகிக்க வேண்டியதில்லை. முந்தைய அனுபவம் கண்முன் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தியா சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சுங்க வரி வெட்டப்பட்டது. இன்று தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு எண்ணெய், பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். கடலை, கடுகு, எள் பயிரிட்ட உழவர்கள் வீழ்ந்தது இப்படித்தான். 2009இல் ஆசியான் உடன்பாடு கையெழுத்தானபோது, அதை எதிர்த்துக் கேரளத்தில் இடதுசாரிகள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம்வரை மனிதச் சங்கிலி அமைத்தனர். அன்று அவர்களைக் காலத்துக்கு ஒவ்வாதவர்கள் என்று ஏளனம் செய்தவர்கள் பலர். 2016க்குப் பின் மிளகு விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது; வியட்நாம் மிளகு வரியின்றி இலங்கை வழியாக வந்து குவிகிறது என்று முறையிட்டவர்கள் இடுக்கி, வயநாடு, குடகு உழவர்கள்.

ஆர்சிஇபி நாடுகளுடன் 2018-19இல் இந்தியாவின் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 105 பில்லியன் டாலர். அதில் பாதி சீனாவுடன். உலகின் மிகப் பெரிய பால் உற்பத்தி நாடு இந்தியா. அந்தப் பாலைக் கறப்பவர்கள் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மழை பொய்த்தாலும் பால் பணம் வந்தால் அடுப்பெரியும் என்ற நிலையில் வாழும் இவர்களை, உற்பத்தியின் பெரும்பகுதியை ஏற்றுமதிக்கே வைத்திருக்கும் நியூசிலாந்துப் பண்ணைகளோடு மோத விடுவதற்குப் பெயர் போட்டியன்று.

ஆகவே பாங்காக் பின்வாங்கல் மக்கள் போராட்டத்தின் வெற்றி. ஆனால் அது முழு வெற்றி என்று எண்ணி அயர்வது ஆபத்து. ஆர்சிஇபியிலிருந்து விலகிய கையோடு, அமெரிக்காவுடனும் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் வர்த்தக உடன்பாடுகளுக்கு அரசு முனைந்தது. இதய ஸ்டென்ட், செயற்கை மூட்டு ஆகியவற்றின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கு, பால்பொருள் சந்தையைத் திற என்பவை அமெரிக்காவின் கோரிக்கைகள். ஜூன் மாதம் டிரம்ப் நிர்வாகம் இந்தியாவுக்கான வர்த்தக முன்னுரிமைச் சலுகையைப் பறித்தது. செப்டம்பர் 22 அன்று ஹூஸ்டன் அரங்கில் பிரதமர் அதே டிரம்ப்பின் கையைப் பற்றி வலம் வந்தார். கார்ப்பரேட் வரி வெட்டுக்கு இரண்டு நாள் கழித்து நடந்த காட்சி அது.

சுதேசி வேடம்

இந்த வெற்றிக்கு உரிமை கொண்டாட ஆர்எஸ்எஸ் பரிவாரத்தின் சுதேசி அமைப்பு முந்திக்கொண்டது. தீபாவளிக்குச் சீனப் பட்டாசு வாங்காதே என்று முழங்கும் இந்தச் சுதேசி, ஆகஸ்ட் 28 அன்று நிலக்கரிச் சுரங்கத்தில் 100 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை கதவு திறந்தபோது அந்த அரசை அசைக்கும் எதையும் செய்யவில்லை. செப்டம்பர் 24 அன்று சுரங்கத்தில் இறங்க மறுத்து நின்றவர்கள் நிலக்கரித் தொழிலாளிகள். ஆகஸ்ட் 20 அன்று 41 பாதுகாப்புத் தளவாட ஆலைகளில் 80,000க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஆலைகளைக் கழகமாக்கும் திட்டத்தைத் தற்காலிகமாகவேனும் நிறுத்தி வைத்தனர். நாட்டின் சொத்தைக் காத்து நின்றவர்களைத் தேடினால் ஆலை வாயில்களில்தான் காண முடியும்.

உலகமயத்தை இடதுசாரிகள் எதிர்ப்பதற்கும் வலதுசாரிகள் எதிர்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. வலதுசாரியின் வசை அந்நிய மனிதர் மீது; அந்நிய மூலதனத்துக்கோ சிவப்புக் கம்பளம். டிரம்ப் மெக்சிகோத் தொழிலாளியைக் காட்டி அமெரிக்கத் தொழிலாளியை ஏமாற்றுகிறார். அமெரிக்கப் பெருமுதலாளிக்கு வரியைக் குறைக்கிறார். இங்கே குடியுரிமைத் திருத்த மசோதாவுக்குக் காட்டப்பட்ட அவசரத்தில் நூற்றில் ஒரு பங்கும் வேலையின்மைக்குக் காட்டப்படவில்லை. பசித்தவர்களை மதத்தால் பிரித்துவிட்டால், பசிக்குக் காரணமானவரை அவர்கள் சேர்ந்து கேட்க மாட்டார்கள் என்பது கணக்கு. இடதுசாரிகள் எதிர்ப்பது நாடுகளுக்கிடையிலான வணிகத்தையோ மக்களுக்கிடையிலான உறவையோ அன்று. நிதி மூலதனம் எல்லை கடந்து நினைத்தபோது நுழைந்து நினைத்தபோது வெளியேறவும், அதன் மனங்கோணாதிருக்க ஒவ்வொரு அரசும் கூலியையும் மானியத்தையும் வெட்டவும் வேண்டும் என்கிற ஏற்பாட்டையே எதிர்க்கின்றனர்.

சியாட்டில் முதல் சாண்டியாகோ வரை

இந்த ஏற்பாட்டுக்கு எதிரான சினம் உலகெங்கும் மூண்டிருக்கிறது. 1999 நவம்பர் 30 அன்று சியாட்டில் நகரில் தொழிலாளரும் மாணவரும் சூழலியலாளரும் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை முடக்கி 2019இல் இருபதாண்டுகள் ஆயின. அந்தப் போராட்டத்தைப் புரியாதவர்களின் கூச்சல் என்று ஒதுக்கிய அறிஞர்கள் இன்று விடை சொல்லட்டும். உலகின் 90 சதவீதப் பகுதியில் வளர்ச்சி மந்தமாகிறது என்றும், இந்தியாவில் அதன் தாக்கம் கூடுதலாகத் தெரிகிறது என்றும் அக்டோபரில் கூறியவர் சர்வதேச நிதியத்தின் தலைவரே.

அதே அக்டோபரில் ஈக்வடாரில், நிதியத்துடன் செய்த கடன் ஏற்பாட்டின் பின்னணியில் எரிபொருள் மானியம் நீக்கப்பட்டபோது, பழங்குடி மக்கள் தலைநகரைச் சூழ்ந்தனர். அதிபர் தலைநகரை விட்டு வேறு நகருக்கு இடம்பெயர்ந்தார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. நவ-தாராளமயத்தின் முதல் சோதனைக்கூடமான சிலியில், மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதில் தொடங்கிய கிளர்ச்சி, முப்பதாண்டுக் கொள்கை மீதான வழக்காக மாறியது. சாண்டியாகோ வீதிகளில் பத்து லட்சம் பேர் திரண்டனர். 2019 டிசம்பர் 5 முதல் பிரான்சில் ஓய்வூதியத்தைக் காக்க இரயில்கள் நின்றன. கண்டங்கள் வேறு, மொழிகள் வேறு. சுமை ஒன்று, அதை ஏற்றியவரும் ஒருவரே.

ஜனவரி 8

மாற்று இல்லை என்பது ஆளும் வர்க்கத்தின் கடைசி வாதம். மாற்று உண்டு, எண்களோடு உண்டு. கார்ப்பரேட்டுகளுக்கு விட்டுக்கொடுத்த 1.45 லட்சம் கோடி ரூபாயைத் திரும்பப் பெற்றுக் கிராமச் சாலை, பாசனம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் பொது முதலீடாக இடுக. 2015இல் ஒழிக்கப்பட்ட சொத்து வரியைப் பெரும் பணக்காரர் மீது மீண்டும் விதிக்க. வேலை உறுதித் திட்டத்தை 200 நாட்களாக உயர்த்தி, நகரங்களுக்கும் விரிவாக்குக. மாதம் 21,000 ரூபாய் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்குக. முழு உற்பத்திச் செலவுடன் ஐம்பது சதவீதம் சேர்த்து விளைபொருளுக்கு விலை தருக. இவை ஒவ்வொன்றும் மக்கள் கையில் பணத்தைச் சேர்க்கும். அந்தப் பணமே ஆலையைத் திறக்கும்.

செப்டம்பர் 30 அன்று தில்லியில் கூடிய தொழிலாளர் மாநாட்டில் மத்தியத் தொழிற்சங்கங்கள் பத்தும் சேர்ந்து 2020 ஜனவரி 8 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தன. அக்டோபர் 10 முதல் 16 வரை ஐந்து இடதுசாரிக் கட்சிகள் நடத்திய இயக்கம் அதற்கு அரசியல் களம் அமைத்தது. அன்றே கிராமப்புற முழு அடைப்புக்கு விவசாயிகள் அமைப்புகளும் ஆயத்தமாயின. ஆலையும் வயலும் ஒரே நாளில் ஒரே கோரிக்கையோடு நிற்பதுதான் இந்த வேலைநிறுத்தத்தின் தனிச்சிறப்பு.

அந்த ஒற்றுமை தீர்மானத்தால் மட்டும் விளையாது. சங்கமே இல்லாத பட்டறைக்கும், இரவில் மட்டுமே ஆள் இருக்கும் புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்புக்கும், பால் ஊற்றும் வரிசைக்கும், நியாயவிலைக் கடை வாசலுக்கும் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் சென்றாக வேண்டும். 4.5 சதவீதம் என்றால் தமது வீட்டு உலையில் எத்தனை பிடி அரிசி குறைந்தது என்பதை அங்குள்ளோர் அறிவர். அவர்களுக்குத் தெரியாதது, குறைந்த அந்த அரிசி யார் களஞ்சியத்துக்குப் போயிற்று என்பதே. அதை எடுத்துச் சொல்ல வேண்டும்.